ஒரே அரங்கில் நான்கு சிண்ட்ரெல்லாக்கள்

கேள்வி: ராட்ஜர்ஸ் – ஹேமர்ஸ்டீன் 'சிண்ட்ரெல்லா' இசை நாடகம் சுற்றுப்பயணமாக எங்கள் ஊருக்கு வந்தபோது குடும்பத்தோடு போயிருந்தோம். என் மகள் இருக்கையில் உட்காரவே இல்லை, அப்படித் துள்ளினாள். பக்கத்தில் இருந்த பெரியவர் இடைவேளையில், "இது நான் பார்த்த கதையே இல்லை" என்று முணுமுணுத்தார். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி பிடித்தது, பாதி ஒட்டவில்லை. ஒரே நாடகத்துக்கு ஏன் இத்தனை விதமான எதிர்வினைகள்?

பதில்:

நீங்கள் எல்லோரும் ஒரே நாடகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் காரணம். மேடையில் நடந்தது ஒன்று. அதைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சிண்ட்ரெல்லாவை மனத்துக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பெரியவருடையது ஒன்று, பின்வரிசைப் பெண்ணுடையது வேறொன்று. உங்கள் மகளிடம் அப்படி எதுவும் இல்லாததால் அவள் மட்டும் மேடையில் நடந்ததையே பார்த்தாள்.

இந்த இசை நாடகத்தின் பிறப்பே கொஞ்சம் விசித்திரமானது. இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹேமர்ஸ்டீன் இருவரும் சேர்ந்து எழுதியவற்றில் தொலைக்காட்சிக்காகவே எழுதப்பட்டது இது ஒன்றுதான். 1957 மார்ச் 31 அன்று இரவு சிபிஎஸ் தொலைக்காட்சி அதை நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பியது. விளம்பரங்களோடு சேர்த்து 90 நிமிடம். சிண்ட்ரெல்லாவாக ஜூலி ஆண்ட்ரூஸ். அப்போது அவருக்கு வயது 21, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'மை ஃபேர் லேடி' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அன்றிரவு பார்த்தவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. அப்போதைய அமெரிக்க மக்கள்தொகை ஏறக்குறைய 17 கோடி. அதாவது கைக்குழந்தைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பாதி நாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்த்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அது வண்ணத்தில் ஒளிபரப்பான நிகழ்ச்சி. ஆனால் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அன்று மிகச் சில வீடுகளில்தான் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பதும் கறுப்பு வெள்ளைப் பதிவுதான். எனவே அந்த இரவைப் பார்த்த முதியவர் ஒருவர் சிண்ட்ரெல்லாவின் உடை இன்ன நிறம் என்று அடித்துச் சொன்னால், பெரும்பாலும் அந்த நிறத்தை அவர் மனமேதான் பூசியிருக்கும். அப்படிப் பூசிய நிறத்தோடு எந்தத் தையல்காரரும் போட்டியிட முடியாது.

அடுத்தது 1965. லெஸ்லி ஆன் வாரன் என்ற புதுமுகத்தை வைத்து மறுபடியும் தொலைக்காட்சிக்கே எடுத்தார்கள். இது நேரலை இல்லை, ஒளிநாடாவில் பதிவானது. அதனால் 1974 வரை திரும்பத் திரும்ப ஒளிபரப்ப முடிந்தது. வீட்டில் வீடியோ இல்லாத காலம். அடுத்த ஒளிபரப்பு எப்போது வரும் என்று பிள்ளைகள் காத்திருந்துதான் பார்க்க வேண்டும், அன்று தவறவிட்டால் தவறவிட்டதுதான். அந்தக் காத்திருப்பு ஒரு தலைமுறையின் நெஞ்சில் அந்தப் பாடல்களை ஆணியடித்ததுபோல் பதித்துவிட்டது. உங்கள் பக்கத்து இருக்கைப் பெரியவர் அறுபதைத் தாண்டியவர் என்றால், பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

மூன்றாவது 1997. ஏபிசி தொலைக்காட்சியில் பாடகி பிராண்டி சிண்ட்ரெல்லா, விட்னி ஹூஸ்டன் தேவதை, வூப்பி கோல்ட்பெர்க் அரசி, பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த பாவ்லோ மான்டல்பன் இளவரசர். அரசி கறுப்பினத்தவர், அரசர் வெள்ளையர், மகனோ ஆசியர். இது எப்படி என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை, விளக்குவதும் இல்லை. அந்தக் கண்டுகொள்ளாமைதான் அதன் அழகு. அன்று 6 கோடிப் பேர் பார்த்தார்கள். பிறகு வீடியோ கேசட்டாக வீடுகளுக்குள் போய், நாடா தேயத் தேய ஓடியது. தன்னைப்போலத் தோற்றம் கொண்ட ஒருத்தி இளவரசியாவதை முதன்முதலாகப் பார்த்த கறுப்பினச் சிறுமிகள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரங்குக்கு வருகிறார்கள். பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் அழுகைக்குக் காரணம் என்னவென்று என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால், இதன்மேல்தான் கட்டுவேன்.

நான்காவது, நீங்கள் பார்த்தது. 2013 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் தொடங்கி, 770 காட்சிகள் ஓடி, 2015 ஜனவரி 3 அன்று முடிந்தது. அதற்கு முன்பே, 2014 அக்டோபரில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலிருந்து சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டது. இதற்காகக் கதை வசனத்தைப் புதிதாக எழுதியவர் டக்ளஸ் கார்ட்டர் பீன். இயக்கம் மார்க் புரோகாவ்.

இது மறுஆக்கமா, புது நாடகமா என்பதே தகராறு. 1958இல் லண்டன் கொலீசியத்தில் கிறிஸ்துமஸ் காலக் கேளிக்கையாகப் போட்டிருக்கிறார்கள், 1990களில் நியூயார்க் சிட்டி ஓப்பரா மேடையேற்றியிருக்கிறது, 2008இல் லியா சலோங்கா நடிக்க மணிலாவில் தொடங்கி ஆசியாவில் ஒரு சுற்று வந்திருக்கிறது. ஆனால் பிராட்வே மேடையை மட்டும் 2013 வரை மிதித்ததில்லை. அப்படியிருந்தும், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக் குழு அதைச் 'சிறந்த மறுஆக்கம்' பிரிவில் சேர்த்தது. அதே மூச்சில் புதிய நாடகப் பிரதிக்கான பிரிவிலும் பரிந்துரைத்தது! ஒன்பது பரிந்துரைகளில் கையில் வந்தது உடையலங்காரத்துக்கான ஒன்றுதான். விருதுக் குழுவாலேயே பழசு என்றும் புதுசு என்றும் தீர்மானிக்க முடியாதபோது, பக்கத்து இருக்கைக்காரர் குழம்பியதில் என்ன தப்பு?

புதிதாக எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பிரதி, விளம்பரங்களைக் கழித்தால், ஒன்றேகால் மணிநேரத்துக்குத்தான் வரும். இடைவேளையோடு கூடிய முழு மாலை நாடகத்துக்கு அது போதாது. பழைய இளவரசனுக்கு அழகாக நிற்பது, ஆடுவது, செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவது தவிர வேறு வேலை இல்லை. ஹேமர்ஸ்டீனுக்கு அது குறையாகவும் படவில்லை. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த கதையை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பீன் அந்த வெற்றிடத்தில் அரசியலை நிரப்பினார். இளவரசன் டோஃபர் அப்பாவி. ஆட்சியை நடத்துகிற செபாஸ்டியன், ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கும் ஆணைகளில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். ஜான்-மிஷெல் என்ற புரட்சிக்கார இளைஞன் தெருவில் நின்று முழங்குகிறான். மாற்றாந்தாயின் மகள்களில் ஒருத்தியான காப்ரியேல் அந்த இளைஞனைக் காதலிக்கிறாள், சிண்ட்ரெல்லாவுக்கும் துணை நிற்கிறாள். கடைசியில் தேர்தல் வருகிறது.

"சிண்ட்ரெல்லாவில் எதற்கப்பா தேர்தல்?" என்பது இந்த வடிவத்தின் மேல் நான் அதிகம் கேட்ட முறையீடு. அதில் நியாயம் இருக்கிறது. என் கருத்தையும் மறைக்கவில்லை: நாடகத்தின் பலவீனமான பகுதி இதுதான். ஜான்-மிஷெல் மேடைக்கு வரும்போதெல்லாம் கதை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. இளவரசனும் அரண்மனையாரும் சில இடங்களில் இன்றைய கல்லூரி மாணவர்களைப்போல் பேசுகிறார்கள், அடுத்த நிமிடமே 1957இன் மென்மையான காதல் பாட்டு தொடங்குகிறது. காலில் ஒரு புறம் செருப்பும் மறுபுறம் பூட்ஸும் மாட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். உங்களுக்குப் 'பாதி ஒட்டவில்லை' என்று சொன்னீர்களே, தையல் பிரிந்து தெரிகிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

பாட்டு விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 1957க்குப் பின் வந்த ஒவ்வொரு வடிவத்துக்கும் ராட்ஜர்ஸின் வேறு நாடகங்களிலிருந்து பாடல்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். 1997 படத்தில் சந்தைக் கூட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் பாடுகிற 'தி ஸ்வீட்டஸ்ட் சவுண்ட்ஸ்', 1962இல் ராட்ஜர்ஸ் வேறொரு நாடகத்துக்கு எழுதியது. படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு இல்லாமல் சிண்ட்ரெல்லாவே இல்லை. நீங்கள் பார்த்த மேடை வடிவத்தில் அது கிடையாது. அவர்கள் தொடக்கத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், கடைசி வரை அது வராது. அதே சமயம் 1965 ரசிகருக்கு அதிர்ஷ்டம். அந்த வடிவத்துக்காகச் சேர்க்கப்பட்ட 'லோன்லினஸ் ஆஃப் ஈவினிங்' இங்கே இரண்டாம் பாதியில் இருக்கிறது. அதுவும் சொந்தச் சரக்கில்லை, இதே இருவரின் 'சவுத் பசிபிக்' நாடகத்திலிருந்து வெட்டி எறிந்த பாட்டு. அடுத்தடுத்த இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருவர் பாட்டு கிடைத்த நிம்மதியோடும் மற்றவர் ஏதோ தொலைத்த உணர்வோடும் வீடு திரும்புவார்கள். ஏனென்று இருவருக்குமே சொல்லத் தெரியாது.

ஆனால் எந்தத் தலைமுறை ஆனாலும் எல்லோரும் ஒரே நொடியில் மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது: அந்த உடை மாற்றம். கந்தல் உடுத்திய பெண் மேடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். சுற்றி முடிக்கும்போது விருந்துக்குப் போகும் வெள்ளைக் கவுனில் நிற்கிறாள். புகை கிடையாது, விளக்கை அணைப்பது கிடையாது, திரைக்குப் பின்னால் ஓடுவதும் கிடையாது. இரண்டாயிரம் பேரின் கண்ணெதிரே சில நொடிகளில் நடந்துவிடுகிறது. வடிவமைத்தவர் வில்லியம் ஐவி லாங், அந்த ஒரே டோனி விருது அவருக்குத்தான் போனது. பிச்சைக்காரிபோலத் திரிகிற மேரி தேவதையாக மாறுவதும் இப்படிக் கண்ணெதிரேதான்.

நான் இதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் தடவை மற்றவர்களைப்போல வாயைப் பிளந்தேன். இரண்டாம் தடவை எப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தே தீருவதென்று கண்ணை இமைக்காமல் இருந்தேன், தோற்றேன். துணி மடிப்புக்குள் துணி ஒளிந்திருக்கிறது, நடிகையின் கை ஏதோ வேலை செய்கிறது என்பது வரை புரிந்தது, அதற்குமேல் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை மேடையைப் பார்க்காமல் திரும்பி அரங்கைப் பார்த்தேன். அதுதான் சிறந்த காட்சி. கைபேசியைத் திருட்டுத்தனமாக நோண்டிக்கொண்டிருந்த அப்பாக்கள் உட்பட எல்லா முகமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. கைதட்டல் உடனே வருவதில்லை. முதலில் ஒரு "ஹா" என்ற ஒலி, பிறகு அரை நொடி மௌனம், அதற்குப் பிறகுதான் கை. தொலைக்காட்சியில் உடை மாறினால் யாரும் இப்படி அசரமாட்டார்கள், படத்தொகுப்பு என்று நமக்குத் தெரியும். அந்த மூன்று தொலைக்காட்சி வடிவங்களாலும் தர முடியாத ஒன்றை இந்த மேடை தருகிறது. பழைய நினைவுகளோடு மல்லுக்கட்டி இது ஜெயிக்கிற இடமும் இதுதான்.

அடுத்து செருப்பு. நள்ளிரவு மணி அடித்து அவள் ஓடுகிறாள், படியில் செருப்பு கழன்று விழுகிறது. இளவரசன் எடுக்கப் போகிறான். சட்டென்று திரும்பி வந்து அவளே அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள்! அதோடு திரை. கதை தெரிந்த பெரியவர்கள் சிரிப்பார்கள், கதை தெரிந்த குழந்தைகள் பதறிப்போவார்கள். இடைவேளையில் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றால் "அம்மா, செருப்பு இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்ற கேள்வி நாலு பக்கமும் கேட்கும். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: முடிவு தெரிந்த கதையில்தான் ஆட்டக்காரனுக்கு இப்படி விளையாட இடம் கிடைக்கும். இரண்டாம் பாதியில் இன்னொரு விருந்து, அங்கிருந்து போகும்போது அவள் செருப்பைத் தானாகவே கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள். தற்செயலாகத் தொலைந்த பொருள் அவள் கொடுத்த அடையாளமாகிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், ஒரு பொருளை நகர்த்தியே பாத்திரத்தை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். பீன் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

இரண்டு விருந்து என்பது அவர் கற்பனை என்று பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் 1697இல் பிரெஞ்சில் பெரோ எழுதிய கதையிலேயே சிண்ட்ரெல்லா இரண்டு இரவுகள் போகிறாள். முதல் இரவில் இளவரசன் தந்த ஆரஞ்சுப் பழங்களை, தன்னை அடையாளம் தெரியாத சகோதரிகளுக்கே பகிர்ந்தும் கொடுக்கிறாள். கடைசியில் அவர்களை மன்னித்து, அரண்மனைக்கு அழைத்துப்போய் மணமும் முடித்துவைக்கிறாள். இந்த நாடகத்தில் அரண்மனை விருந்தில் ஒருவரையொருவர் கேலி செய்து மட்டம் தட்டும் ஒரு விளையாட்டு நடக்கும், நினைவிருக்கிறதா? தன் முறை வரும்போது அவள் கேலி செய்யாமல் அன்பாக ஒரு சொல் சொல்வாள், கூட்டமே திகைத்துப்போகும். அது பெரோவின் ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்து வீடு. 'புதுசாகப் புகுத்திவிட்டார்கள்' என்று திட்டப்படுகிறவற்றில் பாதி, தொலைக்காட்சி வடிவங்களைவிடப் பழையது.

சிரிப்பு அதிகம் கிடைப்பது யாருக்கு என்று கேட்டால், சந்தேகமில்லாமல் இன்னொரு சகோதரி ஷார்லட்டுக்கு. இளவரசன் எல்லோரையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் ஏன் மயங்கினான் என்று புலம்புகிற பாட்டு 1957இல் இரு சகோதரிகளும் சேர்ந்து பாடியது. இப்போது காப்ரியேல் நல்லவள் ஆகிவிட்டதால், ஷார்லட் விருந்துக்கு வந்த மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடுகிறாள். நன்றாகப் பாடக்கூடிய ஒரு நகைச்சுவை நடிகை கிடைத்துவிட்டால், அந்த மூன்று நிமிடத்துக்கு முழு நாடகமும் அவளுடையது. நான் பார்த்த ஒரு காட்சியில் இளவரசனைவிட அவளுக்குக் கடைசி வணக்கத்தில் பலத்த கைதட்டல் கிடைத்தது.

சுற்றுப்பயணம் என்பதற்கே உரிய காரணங்களும் உண்டு. அமெரிக்க நகரங்களில் இப்படி வரும் நாடகங்களின் இருக்கைகளில் கணிசமான பகுதி ஆண்டுச் சந்தாதாரர்களுக்குப் போகிறது. அவர்கள் இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்லர், பருவம் முழுவதற்குமான டிக்கெட்டில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் வயதானவர்கள், நிறைய நாடகம் பார்த்தவர்கள், எளிதில் மசியமாட்டார்கள். அவர்களுக்கு நடுவே பளபளக்கும் கவுனும் பிளாஸ்டிக் கிரீடமுமாகச் சிறுமிகள் வந்து உட்காருகிறார்கள். எல்லா நாடகத்துக்கும் இந்தக் கலவை அமைவதில்லை. முன்னவர்கள் நிசப்தத்தை எதிர்பார்க்கிறார்கள், பின்னவர்கள் "அதோ பூசணிக்காய்!" என்று கத்துகிறார்கள். நான் குழந்தைகள் பக்கம். ஆனால் இரண்டு மணிநேரத்துக்கு மேல் நீளும் நாடகத்துக்கு மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது பிள்ளைக்கும் நல்லதில்லை, முன்வரிசைக்காரருக்கும் நல்லதில்லை.

அரங்கின் அளவும் விளையாடுகிறது. நியூயார்க்கில் இது ஓடிய அரங்கில் ஏறக்குறைய 1,700 இருக்கைகள். பயணம் தொடங்கிய பிராவிடன்ஸ் அரங்கில் 3,000க்கும் மேல். மேல்மாடத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் உடை மாற்றம் தெரியும், செருப்பை அவள் கழற்றி வைக்கும்போது முகத்தில் வருகிற அந்தச் சிறு முடிவு தெரியாது. அப்படிப் பார்த்தவருக்கு இது நல்ல வாணவேடிக்கை. ஏழாவது வரிசையில் இருந்தவருக்கு ஒரு பெண்ணின் கதை. சுற்றுப்பயணக் குழுக்கள் பொதுவாகச் சில இசைக்கலைஞர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, மீதிப்பேரை உள்ளூரில் சேர்த்துக்கொள்வார்கள். ராட்ஜர்ஸின் வால்ட்ஸ்கள், அதாவது ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கான இசை, நிறைய வயலின்களைக் கேட்பவை. வட்டமிட்டு ஆடுகிற அந்த விருந்துக் காட்சியில் தந்திகள் குறைந்தால், காரணம் தெரியாமலே ஏதோ சப்பென்று இருப்பதாகத் தோன்றும்.

மறுபடியும் போகிற எண்ணம் இருந்தால், மேல்மாடத்துக்கு மலிவு டிக்கெட் எடுக்காமல், ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லை என்று கீழ்த்தளத்தின் நடுவில் எடுங்கள். அந்தப் பெரியவரையும் எங்காவது பார்த்தால், எந்த வருஷத்துச் சிண்ட்ரெல்லா அவருடையது என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்படி ஒருமுறை கேட்கப்போய், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையையும், அந்த வீட்டுச் சோபாவின் நிறத்தையும், நடுவில் தூங்கிப்போன தம்பியையும் சேர்த்துக் கேட்க நேர்ந்தது. நாடகம் எப்படி இருந்தது என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

அன்று வெளியே வரும்போது முன்கூடத்தின் கம்பளத்தில் ஐந்தாறு சிறுமிகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு முழுச் சுற்று. ஒருத்தி நின்று, குனிந்து தன் கவுனைப் பார்த்தாள். அதே நீலம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள்.